நாளைக்கு, நாளைக்கு என்றே ஆடியிலிருந்து கார்த்திகை வந்துவிட்டது. இந்தத் தள்ளிப்போடும் பழக்கத்திலிருந்து வெளியே வந்தவர்கள் யாராவது உண்டா?

பணியாரச்சட்டி | கோட்டையூர் | இரவு 11:48

எல்லாரும் தூங்கியாயிற்று. வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 37 வயது. மகள் ஆறாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. காரைக்குடியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன், காலை ஒன்பதரையிலிருந்து மாலை நாலு வரை. வீட்டுக்காரருக்குச் சென்னையில் வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை பல்லவன் ரயிலில் வந்து இறங்குவார், ஞாயிறு ராத்திரி பஸ் ஏறிவிடுவார். மாமியாருக்கு 74, முழங்கால் சரியில்லை. வீடு பழைய வீடு. நாங்கள் புழங்குவது என்னவோ இரண்டு அறையும் அடுப்படியும்தான், ஆனால் முகப்பிலிருந்து பின்கட்டு வரை கூட்டாமல் விட்டால் புறாவும் வௌவாலும் குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும்.

சனி, ஞாயிறில் பலகாரம் செய்து கொடுக்கிறேன். தேன்குழல், சீப்பு சீடை, மாவுருண்டை, சொல்லிவைத்தால் அதிரசம். மூன்று வருஷமாக, தெரிந்தவர்களுக்கு மட்டும். ஆடி மாதம் சென்னையில் ஒரு கடைக்காரர், "மாதம் 20 கிலோ எடுத்துக்கறேன், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணை மட்டும் வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக் கொடுங்கள்" என்றார். இன்று கார்த்திகை. இன்னும் அந்த விண்ணப்பத்தை முழுசாகத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அது மட்டுமா? மகனுக்கு ஆதாரில் கைரேகை பதியவேண்டும், ஐந்து முடிந்ததும் செய்யச் சொன்னார்கள், இப்போது ஆறே கால். என் கடைவாய்ப் பல் ஆறு மாதமாகக் கூசுகிறது. மகளுக்குப் பாவாடைக்கு எடுத்த துணி பீரோவில் இருக்கிறது, அவள் அதற்குள் ஒரு சாண் வளர்ந்துவிட்டாள். இரண்டாம் கட்டில் ஓர் அறை நிறையப் பித்தளையும் எனாமலும், அதைப் பிரித்து எழுதிவைக்கச் சொல்லிப் பங்காளிகள் கேட்டு இரண்டு வருஷம்.

நான் சோம்பேறி இல்லை, அதுதான் எனக்கே புரியவில்லை. காலை நாலே முக்காலுக்கு எழுந்திருக்கிறேன். ஆனால் "இன்றைக்கு அந்தப் பதிவை முடித்துவிடுவோம்" என்று உட்கார்ந்தால், சரியாக அந்த நேரத்தில் ஃப்ரிட்ஜைத் துடைக்கத் தோன்றுகிறது. நேற்று இரண்டு கிலோ மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளினேன். யாருமே கேட்கவில்லை! முடித்துவிட்டுப் பார்த்தால் மணி பத்தரை. அப்புறம் படுக்கையில் போனை எடுத்தால் பன்னிரண்டு. இப்போதுகூடப் பாருங்கள், இந்த நேரத்தில் விண்ணப்பத்தில் பாதி முடித்திருக்கலாம்.

இதற்கு ஏதாவது வழி உண்டா, இல்லை நான் இப்படித்தானா?

தேவகோட்டை ரஸ்தா | காலை 6:10

தங்கச்சி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போனை ராத்திரி ஒன்பதுக்கு அணைத்து வையுங்கள், காலையில் நாலுக்கு எழுந்திருங்கள், முக்கால் மணி நேரம் கையில் கிடைக்கும். தினமும் ஒரு வேலை முடித்தால் ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். மனசு வைத்தால் நேரம் தானாக வரும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஆத்தங்குடிக்கல் | காலை 10:32

அண்ணே, நீங்கள் நாலு மணிக்கு எழுந்திருக்கும்போது காப்பி யார் போடுகிறார்கள்?

கோபத்தில் கேட்கவில்லை, சரி, கொஞ்சம் கோபம்தான். 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். வீட்டில் பிள்ளை, பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது தனிக் கணக்கு, அதில் பெண்கள் 137, ஆண்கள் 75. "மனசு வைத்தால் நேரம் வரும்" என்றால் அது யாருடைய நேரத்திலிருந்து வரும் என்றும் சொல்ல வேண்டும். இந்த அக்கா ஏற்கெனவே நாலே முக்காலுக்கு எழுந்திருக்கிறார்கள், படித்தீர்களா இல்லையா?

கண்டனூர் ஆச்சி | மதியம் 2:15

சண்டை வேண்டாம், ரெண்டு பேரும் நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள்.

ஆத்தா, நீ எழுதியதை ரெண்டு தரம் படித்தேன். அந்தச் சாமான் அறையை முதலில் உன் கணக்கிலிருந்து எடு. அது நாலு பங்காளி வீட்டுச் சாமான், நீ ஒருத்தி ஏன் அதைத் தலையில் சுமக்கிறாய்? "தைக்கு எல்லாரும் வாங்க, சேர்ந்து பிரிப்போம்" என்று குடும்பக் குழுவில் ஒரு வரி போட்டுவிடு. வருகிறவன் வரட்டும். செய்யாததை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துக்கொண்டு பார்த்தால் யாருக்கும் அவிழ்க்கத் தோன்றாது. எனக்கும் தோன்றாது.

ஆறாம் வகுப்பு டீச்சர் | இரவு 8:40

மிளகாய்க் காம்பு கிள்ளியதைப் படித்துச் சிரித்துவிட்டேன், ஏனென்றால் விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வரும் நாளில்தான் என் வீட்டு மிக்ஸி பளபளவென்று இருக்கும்.

நான் உளவியல் முதுகலை படித்தவள், அதனால் ஒன்று சொல்கிறேன். தள்ளிப்போடுவதை நேரப் பிரச்சினை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். ஃபியூஷா சிரோயிஸ், டிமோத்தி பிச்சில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் சொல்வது, இது நேரத்தைக் கையாளுவதில் வரும் கோளாறு என்பதைவிட மனநிலையைக் கையாளுவதில் வரும் கோளாறு என்பது. ஒரு வேலையை நினைத்தாலே பயமோ சலிப்போ கூச்சமோ வருகிறது, அதைத் தள்ளிவைத்த உடனே கொஞ்சம் நிம்மதி கிடைக்கிறது, அந்த நிம்மதிக்கு நாம் பழகிப்போகிறோம். அதனால்தான் சும்மா உட்காராமல் வேறு ஏதாவது உருப்படியான வேலையில் போய் ஒளிந்துகொள்கிறோம். மிளகாய் கிள்ளுவதற்கு யார் குறை சொல்ல முடியும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு, 2010-ல் வந்தது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டுவிட்டுத் தங்களையே திட்டிக்கொண்டிருந்தவர்களைவிட, "சரி, போகட்டும்" என்று தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். ஆகவே "நான் இப்படித்தானா" என்ற கேள்வியை இப்போதைக்கு மூடி வையுங்கள், அதுவும் ஒரு மிளகாய் வற்றல்தான்.

கேள்வி ஒன்றே ஒன்று. அந்த ஐந்து வேலையில் நினைத்தாலே வயிற்றைப் பிசைவது எது?

பணியாரச்சட்டி | இரவு 11:20

ஆச்சி, குழுவில் போட்டுவிட்டேன். ஏழு பேர் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார்கள், வருகிறேன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை, ஆனாலும் தோளிலிருந்து ஒரு அண்டா இறங்கிய மாதிரி இருக்கிறது.

டீச்சர், வயிற்றைப் பிசைவது பதிவுதான். ஏன் என்று தெரியவில்லை. விண்ணப்பம் பெரிசு, அதனால் இருக்கும். மற்றதெல்லாம் நேரம் இல்லாததுதான், இதுவரை நான் அப்படித்தான் நினைத்தேன்.

25 நிமிடம் டைமர் வைத்து வேலை செய்யச் சொல்கிறார்களே, யாராவது செய்து பார்த்தீர்களா?

ஆத்தங்குடிக்கல் | காலை 11:05

நான் செய்து பார்த்தேன் அக்கா. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. அதைக் கண்டுபிடித்த இத்தாலிக்காரர் அப்போது கல்லூரி மாணவர், தக்காளி வடிவத்தில் இருந்த ஒரு சமையலறை டைமரை வைத்துக்கொண்டு படித்தாராம். அவர் இடுப்பில் எட்டு மாதப் பிள்ளை இல்லை. எனக்கு 25 நிமிடத்தில் நாலு தரம் எழுந்திருக்க வேண்டியிருந்தது, கடைசியில் டைமர் சத்தத்தில் பிள்ளை முழித்துக்கொண்டது, அன்றைக்கு எல்லாம் போச்சு.

எனக்கு உதவியது வேறு. எங்கள் வீட்டில் கல் போடுகிற தொழில், ஆத்தங்குடித் தரைக்கல். கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயம் கலந்த சிமெண்டைக் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள், அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் தட்டுவார்கள். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் என் வீட்டுக்காரர் திரும்பமாட்டார், பாதியில் விட்டால் கல் வீண். ஆனால் அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறுகிற நாட்கள் இருக்கின்றனவே, அப்போது எத்தனை தரம் வேண்டுமானாலும் போகலாம் வரலாம், ஒன்றும் ஆகாது. ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் என் வேலையும் இப்படி ரெண்டு வகை என்று உறைத்தது.

நான் வீட்டிலிருந்து ஒரு கம்பெனிக்கு மொழிபெயர்ப்பு செய்கிறேன். மொழிபெயர்ப்பதற்கு ஒரே மூச்சில் ஒரு மணி நேரமாவது வேண்டும், அது கல் ஊற்றுகிற வேலை. பில் அனுப்புவது, மெயிலுக்குப் பதில், தடுப்பூசிக்கு எந்தத் தேதி என்று பார்த்து எழுதுவது எல்லாம் ஊறுகிற வேலை, பிள்ளை பால் குடிக்கும்போது ஒரு கையால் முடியும். முன்பெல்லாம் "முழுசாக ஒரு மணி நேரம் கிடைக்கட்டும்" என்று எல்லாவற்றுக்கும் காத்திருப்பேன். நமக்கு முழுசாக எங்கே கிடைக்கிறது, எல்லாமே வெட்டுத் துணி மாதிரித் துண்டு துண்டாகத்தானே வருகிறது. இப்போது அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் என் அம்மா வந்து பிள்ளையைத் தூக்கிக்கொள்கிறார்கள், செவ்வாயும் வெள்ளியும். மற்றதைத் துண்டு நேரத்தில் முடித்துவிடுகிறேன்.

ராத்திரி போனைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நாள் முழுக்க யாருக்காவது ஓடிவிட்டு, அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கென்று தோன்றும். தூக்கத்தைக் கொடுத்து அதை வாங்குகிறோம்.

தேவகோட்டை ரஸ்தா | மாலை 5:50

காப்பி என் மனைவிதான் போடுகிறாள். படித்துவிட்டு ஒரு நாள் பேசாமல் இருந்தேன். நேற்றிலிருந்து நான் போடுகிறேன், சுமாராகத்தான் இருக்கிறது என்கிறாள்.

தங்கச்சி, நான் வாழ்நாள் முழுக்கக் கடைக் கணக்குப் பார்த்தவன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். தள்ளிப்போட்ட வேலை என்பது கடன். ஆனால் எல்லாக் கடனும் ஒன்று இல்லை, எதற்கு வட்டி ஏறுகிறது என்று பாருங்கள். பல் இருக்கிறதே, அது மீட்டர் வட்டி. இன்றைக்கு அடைத்தால் முடிவது, விட்டால் வேர் வரை போய் நிற்கும், செலவு பல மடங்கு. ஆதாருக்குக் கெடு இருக்கிறது: ஐந்து முடிந்து ஏழு ஆவதற்குள் பிள்ளைக்குக் கைரேகையும் கருவிழியும் பதிந்தால் கட்டணம் கிடையாது, உங்களுக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது, ஆனால் பள்ளியில் ஏதாவது உதவித்தொகைக்குக் கேட்டால் அன்றைக்கு ஓடவேண்டும். பித்தளைச் சாமான் வட்டியில்லாக் கடன், உங்கள் பேத்தி காலத்தில் கொடுத்தாலும் அதே எடை. பாவாடைத் துணிக்கு மட்டும் வினோத வட்டி, நாளாக ஆகத் துணி பத்தாமல் போகும்.

பலகாரப் பதிவை நான் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதைப் பெரிய மலை என்று நினைக்கிறீர்கள். என் தம்பி ஊறுகாய்க்கு எடுத்தபோது கூட இருந்து பார்த்தேன். சின்ன அளவில் செய்கிறவர்களுக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும். ஃபாஸ்காஸ் என்ற இணையதளத்தில்தான் விண்ணப்பம். ஒரு புகைப்படம், ஒரு அடையாள அட்டை, முகவரி, என்ன பலகாரம் என்ற விவரம். அவன் கட்டியது வருஷத்துக்கு 100 ரூபாய். கிடைப்பது 14 இலக்க எண். தேன்குழல் மாவுக்கு உளுந்து வறுத்து அரைத்துச் சலிப்பதைவிட இது சுலபம்.

சுலபமான வேலையை நாலு மாதம் ஒருத்தர் தள்ளிப்போடுகிறார் என்றால் காரணம் விண்ணப்பத்தில் இல்லை. டீச்சர் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன்.

பள்ளத்தூர் நர்ஸ் | இரவு 9:30

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். மனசு, நேரம் எல்லாம் பேசுகிறீர்கள், உடம்பை யாரும் கேட்கவில்லையே.

எங்களிடம் வருகிற அம்மாக்களில் பாதிப் பேர் "சோம்பலாக இருக்கிறது, எதையும் தொடங்க முடியவில்லை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 9 இருக்கும். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை, தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கிறார்கள் என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே சொல்கிறது. தைராய்டு குறைந்தாலும் இதே கதை. காலை நாலே முக்காலுக்கு எழுந்து பன்னிரண்டுக்குப் படுத்தால் ஐந்து மணி நேரத்துக்கும் கீழே தூக்கம், அதற்கு மேல் எந்த உபாயமும் ஒட்டாது.

பிடித்த வேலையிலும் ஆசை விட்டுப்போய்விட்டது, அழுகை வருகிறது, தூக்கமே வரவில்லை என்றால் அது வேறு, தள்ளிப்போடுதல் இல்லை. அப்போது 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், டெலி மானஸ், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. பணியாரச்சட்டிக்குப் பலகாரத்தில் ஆசை இருக்கிறது என்று தெரிகிறது, அதனால் பயப்படுத்தவில்லை. ஆனால் பல்லுக்குப் போகிற அன்றைக்கே ரத்தத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பணியாரச்சட்டி | இரவு 12:05

(ஆமாம், பன்னிரண்டு தாண்டிவிட்டது. திட்டுங்கள்.)

ரஸ்தா அண்ணே எழுதியதைப் படித்துவிட்டு இன்றைக்கு அந்த இணையதளத்தைத் திறந்தேன். உண்மையிலேயே ஒன்றும் இல்லை. பெயர் போட்டேன், போன் எண் போட்டேன். "தொழில் நடக்கும் இடம்" என்று ஒரு கட்டம் வந்தது. அங்கே கை நின்றுவிட்டது. வீட்டு முகவரியை அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன், அப்புறம் எழுந்துபோய் நாளைக்கு ஊறவைக்க வேண்டிய உளுந்தை அளந்தேன்.

இப்போது சொல்கிறேன். இந்த வீட்டு முகப்பில் மாமனாரின் ஐயா படம் மாட்டியிருக்கிறது. ரங்கூனில் கடை வைத்திருந்தவர். இந்த வீட்டு முகவரியில் "தேன்குழல், மாவுருண்டை விற்பனை" என்று பதியப்போகிறேன். தெரிந்தவர்களுக்குச் செய்து கொடுத்தவரை அது பாசம், காசு வாங்கினாலும் பாசம். எண் வாங்கிவிட்டால் அது வியாபாரம். ஒரு கல்யாணத்தில் பங்காளி வீட்டு அம்மா ஒருத்தர் என் முதுகுக்குப் பின்னால், "அவ்வளவு பெரிய வீட்டு மருமகள், படி கணக்கில் பலகாரம் விற்கிறாளாம்" என்று சொன்னதை நானே கேட்டேன். மாமியாரிடம் நான் இதுவரை கடைக்காரர் விஷயத்தைச் சொல்லவே இல்லை. வீட்டுக்காரருக்குத் தெரியும், "அம்மாவிடம் நீயே சொல்லிக்கொள்" என்றுவிட்டார்.

எழுதியபிறகுதான் எனக்கே தெரிகிறது, தள்ளிப்போட்டது விண்ணப்பத்தை இல்லை.

ஆறாம் வகுப்பு டீச்சர் | காலை 7:15

இதைத்தான் கேட்டேன். இனி "பதிவு செய்ய வேண்டும்" என்று எழுதிவைக்காதீர்கள், "அத்தையிடம் சொல்ல வேண்டும்" என்று எழுதுங்கள். வேலையின் பெயரே தப்பாக இருந்தால் எத்தனை டைமர் வைத்தும் நடக்காது.

எப்போது சொல்வது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-ல் எழுதியது இது: "செய்வேன்" என்று பொதுவாக உறுதி எடுப்பதைவிட, "இது நடந்தவுடன் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள். உதாரணத்துக்கு, ராத்திரி அத்தைக்கு மாத்திரை கொடுப்பீர்கள் இல்லையா, அவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கையில் கொடுத்தவுடன். நேரம் பார்த்துக் காத்திருக்காதீர்கள், டம்ளர் கைக்கு வந்ததும் வாய் திறக்க வேண்டும்.

கண்டனூர் ஆச்சி | காலை 9:40

ஆத்தா, நான் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், உன் மேல் இல்லை.

படி கணக்கு என்று சொன்னவளுக்கு அவள் ஆயா, அவள் பாட்டி, என்ன செய்தாள் என்று தெரியாது போலிருக்கிறது. ஆம்பிளைகள் மூன்று வருஷக் கணக்குக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போய் பர்மாவிலும் மலாயாவிலும் உட்கார்ந்திருந்தபோது, இந்த ஊரில் வீட்டையும் வரவு செலவையும் பார்த்தது யார்? என் ஆயா பொழுது சாய்ந்தால் ஓலை எடுத்துவைத்துக் கொட்டான் முடைவாள். சீதனப் பணத்தை வட்டிக்கு விட்டு அந்தக் கணக்கை ஒரு சிட்டையில் தனியாக எழுதி முந்தானையில் சாவியோடு முடிந்து வைத்திருப்பாள். ஐயாவுக்கே அது எவ்வளவு என்று தெரியாது. முகப்புப் படத்தில் இருக்கிறவர் ரங்கூனில் என்ன, கோயிலா கட்டினார்? கடைதானே வைத்திருந்தார்.

ரெண்டாவது, நாள் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றால் நல்ல நாள் வருகிறது. கார்த்திகைத் தீபத்தோடு பிள்ளையார் நோன்பு தொடங்குகிறது. உன் வீட்டில் புதுக் கோடி வேட்டியிலிருந்து தினம் ஒரு இழை எடுத்து வைக்கிறது உன் மாமியார்தானே? 21 நாள், நாளுக்கு ஒரு இழை. ஒரே நாளில் உட்கார்ந்து 21 இழையையும் உருவி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும், அஞ்சு நிமிஷம். ஆனால் அப்படி எடுக்கிறது இல்லை. அவர்கள் இழை எடுக்கிற நேரத்தில் நீயும் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விண்ணப்பத்தில் ஒரு கட்டம், அல்லது ஒரு போன், அல்லது பாவாடையில் ஒரு ஓரம். அதற்கு மேல் செய்யாதே. ஆர்வத்தில் மூன்று நாள் வேலையை ஒரே நாளில் செய்தாய் என்றால் நாலாம் நாள் மிளகாய் கிள்ளப் போய்விடுவாய், உன்னை எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆத்தங்குடிக்கல் | காலை 10:20

எங்கள் வீட்டில் இந்த நோன்பு கிடையாது ஆச்சி, ஆனாலும் நானும் 21 நாள் எண்ணப்போகிறேன். எனக்கு இருக்கிறது வருமான வரிக் கோப்பு, யாரிடமும் சொல்லாதீர்கள்.

பணியாரச்சட்டி | ஒன்பது நாள் கழித்து, இரவு 9:50

மணியைக் கவனியுங்கள். ஒன்பது ஐம்பது!

நோன்பு தொடங்கிய நாளிலிருந்து ஒன்பது நாளில் ஆறு நாள் செய்தேன். ஒருநாள் மகனுக்குக் காய்ச்சல், ஒருநாள் அலுவலகத்தில் ஜிஎஸ்டி, ஒருநாள் சும்மாவே செய்யவில்லை. டீச்சர் சொன்ன மாதிரி "சரி, போகட்டும்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டேன், மகள் யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டாள்.

பல் அடைத்தாயிற்று. நல்லவேளை, வேர் வரை போகவில்லை. ஹீமோகுளோபின் 10.1. நர்ஸ் அம்மா, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், காப்பியோடு சேர்த்துச் சாப்பிடக்கூடாதாம், அது ஒரு தண்டனை.

ஆதார் மையத்துக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே வரிசையில் நிற்கும்போது என் அட்டையை எடுத்துப் பார்க்கிறேன், அதில் இன்னும் என் பிறந்த வீட்டு முகவரிதான் இருக்கிறது, ராயவரம். கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷம்! அப்படியே விண்ணப்பித்திருந்தால் முகவரி இடித்திருக்கும். அதையும் மாற்றக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. ஐந்து நாளாக டம்ளர் கைக்கு வருகிறது, நான் வாங்கிக் கழுவி வைத்துவிடுகிறேன்.

கண்டனூர் ஆச்சி | காலை 6:30

டம்ளரைக் கழுவாதே. கையிலேயே வைத்துக்கொண்டு நில்.

தேவகோட்டை ரஸ்தா | காலை 8:00

ஆச்சி சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்றும் இல்லை. காப்பி இப்போது நன்றாக வருகிறது.

பணியாரச்சட்டி | நோன்பு முடிந்த மறுநாள், மாலை 6:15

நேற்று இழை எடுத்துக்கொண்டோம். 21 இழையும் திரியாகி, இழை மாவு என்கிற இனிப்பு மாவில் நெய்யோடு எரிந்துகொண்டிருக்க, மாமியார் ஒவ்வொருத்தருக்காகக் கொடுத்தார்கள். மகன் இந்த வருஷம் பயப்படாமல் சுடரோடு வாயில் போட்டுக்கொண்டான். 21 நாளில் நான் செய்தது 14. பாவாடையில் ஓரம் மடித்தாயிற்று, நாடா கோக்கவில்லை.

சொன்னது எப்படி என்று கேட்பீர்கள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என்ன ஆத்தா, மாத்திரை ஒன்று குறைகிறதா என்றார்கள். கடைக்காரர், 20 கிலோ, எண், வீட்டு முகவரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "தேன்குழல் கிலோ என்ன விலைக்குக் கொடுக்கப்போகிறாய்" என்று கேட்டார்கள். சொன்னேன். "நெய் விலை தெரிந்துதான் சொன்னாயா? அடுப்புக் கூலி போட்டாயா?" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் திட்டு. என் கணக்கு தப்பாம், கிலோவுக்கு 40 ரூபாய் விட்டுக்கொடுத்திருக்கிறேனாம். பங்காளி வீட்டு அம்மா சொன்னதையும் சொன்னேன். அதற்கு அவர்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஆனால் எல்லாம் சுமுகம் என்று நினைக்கவேண்டாம். முகப்பில் பலகை மாட்டக்கூடாது, வெளியாள் வளவுக்குள் வரக்கூடாது, வெள்ளிக்கிழமை எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது என்று மூன்று கட்டளை. மூன்றாவதைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது, ஏனென்றால் வெள்ளி ராத்திரி மாவு பிசைந்து சுட்டால்தான் சனிக்கிழமை பார்சல் போகும்.

முகவரி மாறி வந்துவிட்டது. விண்ணப்பத்தை இன்று மதியம் அலுவலகத்தில் சோற்று நேரத்தில் அனுப்பிவிட்டேன், புகைப்படத்தின் அளவு பெரிசு என்று மூன்று தரம் திருப்பி அடித்தது, நாலாம் தரம் ஏற்றுக்கொண்டது. எண் இன்னும் வரவில்லை.

ஒரு சந்தேகம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சீப்பு சீடை சென்னைக்குப் பார்சலில் போகும்போது உடையாமல் இருக்க டப்பா நல்லதா, கவரில் காற்றடைத்து ஒட்டுவது நல்லதா? பொங்கலுக்கு முதல் 20 கிலோ கேட்டிருக்கிறார்.